நெருங்க நெருங்கக் குறையும் ஒளி

தக்காளி இலையின் மேல் உட்கார்ந்திருக்கும் குதிக்கும் சிலந்தி அரிசிமணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. முகத்தின் நடுவில் இரண்டு பெரிய கண்கள், அவற்றின் இருபுறமும் இரண்டு சிறிய கண்கள், தலையின் மேற்புறத்தில் இன்னும் நான்கு. கேமராவோடு அருகில் போனால் பல நேரம் ஓடாது; திரும்பி நம்மையே பார்க்கும். அந்தப் பார்வையைப் படமாக்கிவிடலாம் என்று நம்பி நாற்பது முறை ஷட்டரை அழுத்திவிட்டு, கணினியில் திறந்து பார்த்தால் ஒன்றில் முன்கால் தெளிவாக இருக்கும், ஒன்றில் இலை நரம்பு தெளிவாக இருக்கும், மற்றவை மங்கலாகவோ இருட்டாகவோ இருக்கும். கண் மட்டும் எதிலும் கிடைத்திருக்காது. இந்த வழியாக வந்த எல்லோருக்கும் இந்த முதல் நாள் நினைவிருக்கும்.

அன்று இரவே தொடங்கும் கேள்வி, எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம் என்பது. பல ஆண்டுகள் செடிகளுக்கு நடுவே முழங்காலிட்ட பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவதைச் சொல்கிறேன்: அந்தக் கேள்வியைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். வெளிச்சத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் கேளுங்கள். மேக்ரோவின் தொல்லைகள் பலவாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். பொருளைப் பெரிதாக்குகிறோம், அதற்கான விலையை வெளிச்சமாகச் செலுத்துகிறோம். அந்தக் கணக்கு ஒருமுறை விளங்கிவிட்டால் எந்தக் கருவி தேவை, எது தேவையில்லை என்பது தானாகத் தெளிந்துவிடும்.

மேக்ரோ என்ற சொல்லை இப்போது கைபேசி விளம்பரம் தொடங்கி எல்லாவற்றின் மீதும் ஒட்டிவிடுகிறார்கள். உண்மையில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. பொருளின் அளவும் சென்சார் மீது விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றாக இருந்தால் அது 1:1, அதாவது ஒரு மடங்கு உருப்பெருக்கம். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம். மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்பு 9 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 1:1-இல் அது படத்தின் அகலத்தில் கால் பங்குக்கு வரும். சென்சார் சிறியதான ஏபிஎஸ்-சி கேமராவில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். எறும்பின் முகம் மட்டும் வேண்டுமென்றால் நான்கைந்து மடங்குக்குப் போயாக வேண்டும்.

உங்களிடம் இருக்கும் கருவி எத்தனை மடங்கு தருகிறது என்று அறியப் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி அதைப் படமெடுங்கள். படத்தின் அகலத்தில் 18 மில்லிமீட்டர் தெரிந்தால், சென்சாரின் அகலமான 36-ஐ 18-ஆல் வகுக்க, 2 மடங்கு. அதே ஸ்கேலை 45 பாகை சாய்த்து வைத்து இன்னொரு படம் எடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் நீளத்துக்குக் கோடுகள் தெளிவாக இருக்கின்றன என்று எண்ணி 0.7-ஆல் பெருக்கினால், கூர்மை எத்தனை ஆழத்துக்கு நிற்கிறது என்பது கைக்கு வந்துவிடும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, வெவ்வேறு அளவில் வைத்து ஒரு மாலை முழுவதும் இதையே செய்து பாருங்கள். பூச்சியின் பின்னால் ஒரு மாதம் ஓடிக் கற்பதை அந்த ஒரு மாலை கற்றுத்தந்துவிடும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். 50 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள எளிய லென்ஸ் ஒன்று தொலைவிலுள்ள மலையைக் காட்டும்போது சென்சாரிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. 1:1 வேண்டுமானால் அதை 100 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். சுவரில் டார்ச் அடித்துக்கொண்டே பின்னால் நடந்தால் வட்டம் விரிந்து மங்குகிறதல்லவா, அதே கதைதான் இங்கும். தூரம் இரு மடங்கு ஆனதால் லென்ஸ் வழியே வந்த ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவிவிடுகிறது. வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப் இழப்பு என்பார்கள்; நான்கில் ஒரு பங்கு என்றால் இரண்டு ஸ்டாப். கேமராவில் அபெர்ச்சரை எஃப் 11 என்று வைத்திருப்போம்; இந்த எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். சென்சாரைப் பொறுத்தவரை அது எஃப் 22. உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அபெர்ச்சர் எண்ணை அதனால் பெருக்கினால் கிடைப்பதே மெய்யான அபெர்ச்சர். 2 மடங்கில் எஃப் 11 என்பது எஃப் 33. நிக்கான் கேமராக்கள் தங்கள் மைக்ரோ லென்ஸ்களுக்கு (மேக்ரோவுக்கு நிக்கான் வைத்த பெயர்) இந்த மெய்யான எண்ணையே திரையில் காட்டும். கேனான் நாம் வைத்த எண்ணைக் காட்டும். இரண்டையும் வைத்திருக்கும் நண்பர்கள் அளவுகளை ஒப்பிட்டுக் குழம்புவது இதனால்தான்.

இதன் விளைவைப் பிலிம் காலத்து விதி ஒன்றால் அளந்துவிடலாம். உச்சி வெயிலில் எஃப் 16, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100 நொடி. நம் மெய்யான அபெர்ச்சர் எஃப் 22 என்பதால் அதே வெயிலில் 1/50 நொடி ஆகிறது. பூச்சிகள் இருப்பதோ இலை நிழலில். அங்கே இன்னும் மூன்று ஸ்டாப் குறையும். 1/6 நொடிக்கு வந்துவிடுகிறோம். ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றினால் மீண்டும் 1/50. அந்த 1/50 நொடிக்குள் என்ன நடக்கிறது? எறும்பு நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் நடந்தால்கூட அந்த நேரத்துக்குள் 0.4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 1:1-இல் பிம்பமும் சென்சார் மேல் அதே 0.4 மில்லிமீட்டர் இழுபடும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 6 மைக்ரோமீட்டர். ஆக எறும்பு அறுபதுக்கும் மேற்பட்ட பிக்சல்கள் மீது தீற்றலாகப் படிகிறது. எறும்பு அசையாமல் நின்றாலும் நம் கை அசைகிறது. பொருளைப் பெரிதாக்கும் லென்ஸ் கையின் நடுக்கத்தையும் கூடவே பெரிதாக்குகிறது.

சரி, அபெர்ச்சரைத் திறந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கூர்மையின் ஆழம் குறுக்கே நிற்கிறது. ஃபுல் ஃபிரேம் படத்தில் 0.03 மில்லிமீட்டருக்குள் அடங்கும் மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்பது வழக்கமான அளவுகோல். அதன்படி 1:1-இல் எஃப் 2.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எஃப் 11 வைத்தால் 1.3 மில்லிமீட்டர். 2 மடங்கில் அதே எஃப் 11 அரை மில்லிமீட்டர்தான் தரும். காற்றில் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பூச்சியின் எந்தப் பகுதி அந்தத் தகட்டுக்குள் இருக்கிறதோ அது மட்டுமே தெளிவாகும். ஊசித்தட்டானைப் பக்கவாட்டில், அதன் உடல் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால் தலை முதல் வால் வரை தெளிவாக வருவதும், எதிரே நின்று எடுத்தால் கண் தவிர மற்றதெல்லாம் கரைந்துபோவதும் இதனால்தான்.

அப்படியானால் எஃப் 32 வரை மூடிவிடலாம் என்று அடுத்த யோசனை வரும். அதற்கும் தடை உண்டு. பள்ளிப் பாடத்தில் படித்த விளிம்பு விளைவு இங்கே நேரில் வந்து நிற்கிறது. சிறிய துளை வழியே போகும் ஒளி வளைந்து பரவுகிறது. புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விழுகிறது. அந்த வட்டின் அளவை ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் பிடெல் ஏரி 1835-இல் கணக்கிட்டுக் காட்டினார். மெய்யான அபெர்ச்சர் எஃப் 22 என்றால் பச்சை ஒளிக்கு அதன் விட்டம் சுமார் 30 மைக்ரோமீட்டர், நம் பிக்சலைப்போல் ஐந்து மடங்கு. மேலே சொன்ன 0.03 மில்லிமீட்டர் அளவுகோலும் இதே 30 மைக்ரோமீட்டர்தான். வட்டின் ஒளியில் பெரும்பகுதி நடுவிலேயே குவிந்திருப்பதால் எஃப் 22 இன்னும் தாங்கும். 32-ஐத் தாண்டினால் சிலந்தியின் மயிர்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். ஆழம் கூடுகிறது, ஆனால் எங்குமே முழுக் கூர்மை இல்லை.

ஆகவே மெய்யான அபெர்ச்சரை 22-க்கும் 32-க்கும் இடையில் நிறுத்துவது கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு நல்ல நடைமுறை. கேமராவில் வைக்கும் எண்ணாக அதை மாற்றினால் 1:1-இல் எஃப் 11 அல்லது 13, 2 மடங்கில் எஃப் 8 முதல் 10 வரை, 4 மடங்கில் எஃப் 5.6. உருப்பெருக்கம் கூடக்கூட அபெர்ச்சரைத் திறக்க வேண்டும் என்பது முதலில் முரணாகத் தோன்றும். காரணம் இப்போது தெரிந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆழத்தையும் விளிம்பு விளைவையும் தீர்மானிப்பவை உருப்பெருக்கமும் மெய்யான அபெர்ச்சரும் மட்டுமே. இவை இரண்டும் சமமானால், லட்ச ரூபாய் லென்ஸும் சாதாரண லென்ஸைத் திருப்பி மாட்டும் சில நூறு ரூபாய் ரிவர்ஸ் ரிங்கும் ஒரே ஆழத்தைத்தான் தரும். எந்தப் பணமும் அந்தக் கண்ணாடித் தகட்டை ஒரு மயிரிழைகூடத் தடிமனாக்காது.

மேக்ரோ லென்ஸ் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. நிக்கான் தன் முதல் மைக்ரோ நிக்கோர் லென்ஸை 1956-இல் வெளியிட்டது பூச்சிகளுக்காக அல்ல, நூல்களையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் படியெடுப்பதற்காக. ஆங்கில எழுத்துகளுக்குப் போதுமாக இருந்த லென்ஸ்கள், கோடுகள் நெருங்கிப் பின்னிய ஜப்பானிய கான்ஜி எழுத்துகளில் திணறின. தாளின் நடுவும் மூலையும் ஒரே கூர்மையில் வர வேண்டும் என்பதே அந்த வடிவமைப்பின் குறி. தட்டையான தாளுக்கு அது உயிர்நாடி. நடுவில் ஒரு சிலந்தியும் மூலைகளில் கரைந்த பச்சையும் இருக்கும் படத்துக்கு அந்தச் சிறப்பு பெரிதாகப் பயன்படுவதில்லை. நல்ல மேக்ரோ லென்ஸ் கையாள்வதற்கு மிக வசதியானது என்பதை நான் மறுக்கவில்லை. 100 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1:1-இல் கண்ணாடிக்கும் பூச்சிக்கும் இடையே ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் இடம் மிஞ்சும்; தட்டான் போன்ற கூச்சமுள்ளவற்றுக்கு அது உதவும். ஆனால் தொடங்குவதற்கு அது கட்டாயமில்லை.

தொடங்குவதற்கு மூன்று எளிய வழிகள் உண்டு. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டலாம். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் குழல் அது. குழலின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடும் உருப்பெருக்கம் வரும்: 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 மில்லிமீட்டர் குழல் அரை மடங்கைச் சேர்க்கிறது. கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை 18 மில்லிமீட்டரில் வைத்து இதை முயலாதீர்கள். கூர்மை விழும் இடம் லென்ஸின் கண்ணாடியை ஒட்டியே போய்விடும். இரண்டாவது வழி, லென்ஸைத் திருப்பி மாட்டுவது. சாதாரண லென்ஸ், முன்பக்கம் தொலைவும் பின்பக்கம் நெருக்கமும் இருக்கும் என்று கணித்துச் செய்யப்பட்டது. ஒரு மடங்குக்கு மேல் போகும்போது நெருக்கமான பக்கம் பொருளின் பக்கமாகிவிடுகிறது. லென்ஸைத் திருப்பினால் அது மறுபடி தான் அறிந்த நிலையில் வேலை செய்கிறது. அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய பிலிம் காலத்து லென்ஸ் இதற்கு மிகப் பொருத்தம்.

மூன்றாவது, டெலி லென்ஸின் முகப்பில் குளோசப் லென்ஸ் பொருத்துவது. படிக்கும் கண்ணாடிக்குப் பவர் சொல்வதுபோலவே இதற்கும் டையாப்டர் கணக்கு. பலரும் வைத்திருக்கும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 பிளஸ் 8 டையாப்டர், அதாவது 125 மில்லிமீட்டர் குவியத்தூரம். 250 மில்லிமீட்டர் லென்ஸின் முன் அதை மாட்டினால் 250-ஐ 125-ஆல் வகுத்து 2 மடங்கு. லென்ஸ் சென்சாரை விட்டு விலகாததால் இதில் வெளிச்சம் குறைவதில்லை என்று புகழ்வார்கள். உண்மைதான். ஆனால் மெய்யான அபெர்ச்சர் நாம் வைத்த எண்ணாகவே நின்றுவிடுவதால் ஆழமும் அதற்கேற்பக் குறைகிறது. குழல் வைத்து 2 மடங்கில் எஃப் 8-இல் கிடைத்த ஆழம் இதில் வேண்டுமானால் எஃப் 24 அளவுக்கு மூடவேண்டும். அப்போது வெளிச்சமும் சமமாகிவிடும். ரேனாக்ஸ் வாங்கிவிட்டு, எஃப் 11-ஐத் தாண்டக் கூடாது என்று எங்கோ கேட்டதை இதற்கும் பிடித்துக்கொண்டு, ஆழமே கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதை இவ்வளவு விரித்தேன்.

ஆக, வழி எதுவானாலும் வெளிச்சம் போதாது. ஃபிளாஷ் வேண்டும். அது வெளிச்சம் தருவதோடு நேரத்தையும் வெட்டித் தருகிறது. கேமராவின் தலையில் மாட்டும் பொதுவான ஹாட் ஷூ ஃபிளாஷ் ஒன்றை முழுத் திறனில் சுட்டால் ஒளி ஆயிரத்தில் ஒரு நொடி அளவுக்கு நீடிக்கும். 1/32 திறனில் சுட்டால் அது ஏறக்குறைய 1/20,000 நொடியாகச் சுருங்கும். ஐஎஸ்ஓவைக் கீழே இறக்கி, ஷட்டரை 1/200 வைத்தால் நிழலில் உள்ள இயற்கை வெளிச்சம் அநேகமாகப் பதியாது. படத்தை உருவாக்குவது ஃபிளாஷ் மட்டுமே. நாம் பார்த்த அதே எறும்பு அந்த இமைப்பொழுதில் ஒரு மைக்ரோமீட்டர்தான் நகர்கிறது. கை நடுக்கமும் அதோடு தீர்ந்தது. முக்காலியை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் விடுதலையைத் தருவது இந்த எண்தான்.

ஆனால் வெறும் ஃபிளாஷில் எடுத்த வண்டு அழகாக இருக்காது. வண்டின் ஓடு குவிந்த கண்ணாடி. அதில் நமக்குத் தெரிவது ஒளிமூலத்தின் பிரதிபலிப்பு. ஃபிளாஷ் முகப்பு ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. அதை 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து சுட்டால் ஓட்டின் மேல் சுடர்ப்புள்ளி ஒன்று வெளுத்து நிற்கும். சுற்றிலும் நிறம் செத்துப்போகும். ஒளிமூலம் வண்டின் பார்வையிலிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே முக்கியம். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் 20 சென்டிமீட்டர் அகல டிஃப்யூசரை 8 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வண்டுக்கு அது பாதி வானத்தை மூடும் மேகம். அந்தப் பெரிய ஒளி ஓடு முழுவதும் மென்மையாகப் பரவும்போது பச்சை பச்சையாகவும் செம்பு செம்பாகவும் வரும்.

டிஃப்யூசரை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மின்சாதனப் பெட்டிகளில் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் அருமையான பொருள். இரண்டு அடுக்கு வேண்டும்: ஃபிளாஷ் முகப்பை ஒட்டி ஒன்று, லென்ஸின் நுனிக்கு மேல் வளைந்து பூச்சியின் பக்கம் இறங்குவது ஒன்று. நடுவே இடைவெளி விடுங்கள். இரண்டையும் ஒட்டிவைத்தால் நடுவில் வெண்புள்ளி அப்படியே இருக்கும். இடைவெளியில்தான் ஒளி விரிகிறது. சரியாக அமைந்ததா என்று சோதிக்க ஸ்டீல் கரண்டியின் முதுகைப் படமெடுங்கள். வெளிச்சத்தின் வடிவம் முழுவதும் அதில் தெரியும். சிலந்தியின் கண்ணிலும் அதே வடிவம்தான் தெரியப்போகிறது. நான் செய்த டிஃப்யூசர்களில் ஒன்பதாவதுதான் எனக்கு நிறைவு தந்தது. அதன் பிறகு லென்ஸைப் பற்றி யோசிக்கவே எனக்கு நெடுநாள் தோன்றவில்லை.

டிஃப்யூசர் நெருங்கி வரும்போது இன்னொரு நன்மையும் சேர்கிறது. தூரம் குறைவதால் கொஞ்சம் திறனே போதும். திறன் குறைந்தால் ஒளியின் நேரம் சுருங்கும். அடுத்த சுடுதலுக்கு ஃபிளாஷ் உடனே தயாராகும். மென்மை, கூர்மை, வேகம் மூன்றும் ஒரே ஃபோம் தாளிலிருந்து கிடைக்கின்றன.

பின்புலம் கறுத்துப்போவது இந்த முறையின் குறை. ஃபிளாஷிலிருந்து 10 சென்டிமீட்டரில் பூச்சி, ஒரு மீட்டரில் அதன் பின்னே உள்ள செடி என்றால் செடிக்குக் கிடைப்பது நூறில் ஒரு பங்கு வெளிச்சம். பகல் படத்தை இரவாக்கிவிடும் அந்தக் கறுப்பு எனக்கு உவப்பில்லை. பூச்சிக்குப் பின்னால் சில சென்டிமீட்டரில் ஓர் இலை வருமாறு கோணத்தை மாற்றினாலே பாதி தீர்ந்துவிடும். மீதிக்கு ஐஎஸ்ஓவை உயர்த்தி வானத்தின் வெளிச்சத்தையும் கொஞ்சம் உள்ளே விடலாம்.

ஃபோகஸ் விஷயத்தில் ஒன்றே சொல்வேன்: ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். வேண்டிய உருப்பெருக்கத்துக்கு வளையத்தை வைத்துவிட்டு, அதைத் தொடாமல் உடலை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்து, கண் தகட்டுக்குள் நுழையும் கணத்தில் அழுத்த வேண்டும். பூச்சி உட்கார்ந்திருக்கும் தண்டை இடக்கையின் இரு விரல்களால் பிடித்து, லென்ஸின் நுனியை அதே கையின் மேல் சாய்த்தால் செடியும் கேமராவும் சேர்ந்தே அசையும். காற்றடிக்கும் நாளில் இதைவிட நல்ல முக்காலி கிடையாது.

ஒரு படத்தில் அடங்காத ஆழத்துக்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் உண்டு. தகட்டைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் அல்லது ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக்குவது. விளிம்பு விளைவைத் தவிர்க்க இங்கே அபெர்ச்சரைத் திறந்தே வைக்கலாம். 2 மடங்கில் எஃப் 5.6 என்றால் தகடு கால் மில்லிமீட்டர். அடுத்தடுத்த படங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியுமாறு 0.17 மில்லிமீட்டர் வீதம் நகர்த்தினால், 4 மில்லிமீட்டர் ஆழமுள்ள முகத்துக்கு இருபத்துநான்கு படங்கள் வேண்டும். அத்தனைக்கும் பூச்சி அசையாமல் இருக்க வேண்டும். இதற்காகவே பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மரக்கச் செய்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. மரத்துப்போன பூச்சியின் கால்கள் நிற்கும் விதமே பொய் சொல்லும்.

அசையாத பூச்சி இயற்கையிலேயே கிடைக்கிறது. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் கூட்டுக்குப் போவதில்லை. பொழுது சாயும்போது ஒரு காய்ந்த தண்டைத் தேடி வந்து, தாடைகளால் அதைக் கவ்விக்கொண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கியபடி தூங்கும். அந்தியில் தண்டைப் பார்த்து வைத்துக்கொண்டு விடியலுக்கு முன்பே போய்விடுங்கள். குளிரில் அவற்றின் உடல் இன்னும் சூடேறியிருக்காது, காற்றும் எழுந்திருக்காது. முதலில் தொலைவிலிருந்து இரண்டு படம், பிறகு அருகில். தண்டை ஒடிக்காதீர்கள். அடுத்த மாலையும் அவை அதே தண்டுக்கு வந்து சேரக்கூடும். வெயில் பட்டதும் முதலில் உணர்கொம்புகள் அசையும். அது வரைக்கும் இருபத்துநான்கு படங்களுக்கு நேரம் இருக்கிறது.